கறையும் எண்ணிக்கையும்

எண்ணிக்கையின் மேல் நமக்கெல்லாம் ஒரு அலட்சியம் உண்டு. புள்ளிவிவரம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சர்க்கார் அறிக்கை, கோப்பு, செத்த பாஷை என்று முகம் சுளிப்பது எழுதுகிறவர்களிடையே ஒரு ஆசாரமாகவே ஆகிவிட்டிருக்கிறது. ஒன்றைப் பார், அந்த ஒன்றை முழுக்கப் பார், மற்றதெல்லாம் அதற்குள்ளேயே தெரியவரும் என்கிற நம்பிக்கையில்தான் நம் கவிதையும் விமர்சனமும் இத்தனை காலம் நடந்து வந்திருக்கின்றன. இந்த நம்பிக்கை பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பகல் பூராவும் தொகைகளோடு ஜீவனம் நடத்தும் வங்கி குமாஸ்தா ஒருவனுக்கு, இந்த அலட்சியத்துக்குள் ஏதோ ஒரு சௌகரியம் ஒளிந்திருப்பதாகச் சந்தேகம் வருகிறது. எண்ணாதவனுக்கு எது குறைந்தது என்று தெரியாது. தெரியாததற்கு அவன் பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

இந்தச் சந்தேகத்தோடு நான் சில மாதங்களாகப் படித்துவருவது அண்டார்டிகாவில் எம்பரர் பெங்குவின்களை வானத்திலிருந்து எண்ணுகிற காரியத்தைப் பற்றி. படிக்கப் படிக்க, கிட்டத்திலிருந்து பார்ப்பது, எட்ட நின்று பார்ப்பது, தொடுவது, தொடாமலிருப்பது இவற்றைப் பற்றி நாம் தீர்மானமாக வைத்திருக்கும் சில கருத்துக்கள் இடம் மாறி உட்காருகின்றன.

முதலில், அவர்கள் பார்ப்பது பெங்குவினை அல்ல. லாண்ட்ஸாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு பிக்ஸெல் என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு மீட்டர் சொச்சம் உயரமுள்ள பறவை அதில் தென்பட வழியே இல்லை. பிரிட்டிஷ் அண்டார்டிக் ஸர்வே என்ற ஸ்தாபனத்தில் வரைபட வேலை பார்ப்பவர் பீட்டர் ஃப்ரெட்வெல். அவர் இந்தப் படங்களில் கவனித்தது வெண்பனியின் மேல் கிடந்த ஒரு பழுப்புக் கறை. உறைந்த கடலின் மேல் பழுப்பு நிறத்துக்கு வேறு ஜோலி கிடையாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கூடி நிற்கும் எம்பரர்களின் எச்சம் அது. அவரும் பெங்குவின் ஆராய்ச்சியாளர் ஃபில் ட்ராதனும் கண்டத்தின் கரை நெடுகிலும் கறைகளைத் தேடிப் போனார்கள். 2009ல் 38 குடியிருப்புகளின் இடங்களை வெளியிட்டார்கள். அவற்றில் 10 அதுவரை யாருக்கும் தெரியாதவை.

எச்சம் என்ற சொல்லுக்கு நம்மிடம் மூன்று அர்த்தங்கள் புழங்குகின்றன. பறவையின் கழிவு, மிஞ்சி நிற்பது, ஒருவனுக்குப் பின்னால் இருக்கும் சந்ததி. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் இந்தச் சொல்லைக் கொண்டு மனிதர்களின் தகுதியை அளக்கப் புகும்போது, பரிமேலழகர் அதற்கு மக்கள் என்று பொருள் கொள்கிறார். மூன்றும் அண்டார்டிகாவின் பனியில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்காருவது தற்செயல்தான். (தமிழுக்குப் பெருமை தேடித் தரும் உத்தியோகத்தில் எனக்கு ஆசையில்லை.) ஆனால் அங்கே விஷயம் அப்படித்தான் இருக்கிறது. கழிவு தெரிகிற வரைக்கும் கூட்டம் இருக்கிறது. டிசம்பர் கடைசி வரைக்கும் கறை நின்றால் குஞ்சுகள் பெரும்பாலும் கரையேறிவிட்டன என்று பொருள். நடுவில் கறை காணாமல் போனால் அந்த வருஷம் சந்ததி இல்லை.

பிறகு இன்னும் கூர்மையான படங்கள் கிடைத்தன. ஏறத்தாழ அரை மீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டுபவை. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பெங்குவின், பனி, நிழல், எச்சம் என்று இனம் பிரித்து, பெங்குவின் பங்கில் விழுந்த பரப்பைத் தரையில் எண்ணிய சில கூட்டங்களோடு ஒத்துப்பார்த்துக் கணக்கிட்டார்கள். 2012ல் வந்த முடிவு 46 குடியிருப்புகள், 2,38,000 ஜோடிகள், மொத்தம் ஏறக்குறைய 5,95,000 பறவைகள். அதற்கு முன்னால் நிலவிய மதிப்பீடு 1,35,000 ஜோடிகளுக்கும் 1,75,000 ஜோடிகளுக்கும் இடையில்தான் இருந்தது. எண் கூடியது, பறவை கூடவில்லை. பேரேட்டில் ஏறாமல் விட்டுப்போன பதிவுகளைத் தேடி ஏற்றினால் இருப்பு கூடும். அன்றைக்கு யாரும் வந்து பணம் கட்டியிருக்கமாட்டார்கள். எங்கள் தொழிலில் இது கடைநிலைப் பாடம். எண்ணிக்கையை வெறுப்பவர்களும் எண்ணிக்கையை வழிபடுபவர்களும் இந்த இடத்தில் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் எண்ணைப் பொருளாகவே எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். எண், பொருளுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற உறவு. உறவு மாறினால் எண்ணும் மாறும்.

இந்தக் கணக்கின் நடுவில் ஒரு இருட்டு இருக்கிறது. எம்பரர் பெட்டை மே, ஜூன் மாதங்களில் ஒரே ஒரு முட்டையிட்டு அதை ஆணின் பாதத்துக்கு மாற்றிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஆண், வயிற்றுத் தோல் மடிப்பால் முட்டையை மூடிக்கொண்டு, ஏறத்தாழ 65 நாள் நின்ற நிலையில் அடைகாக்கிறது. ஜோடி சேர வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அதன் பட்டினி நூறு நாளைத் தாண்டிவிடும். ஒரு ஆண், ஒரு முட்டை, ஒரு குடும்பம். எண்ணுவதற்கு இதைவிடத் துல்லியமான நேரம் வருஷத்தில் கிடையாது. ஆனால் அது துருவத்தின் இரவு. சூரிய ஒளியை நம்பும் காமிராவுக்கு அப்போது எதுவும் தெரியாது. வெளிச்சம் வந்து படம் எடுக்கும்போது தாயும் தகப்பனும் மாறி மாறிக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். முட்டையை இழந்தவை முன்னமே கலைந்து போயிருக்கும். கதவைத் தட்டிய நேரத்தில் வீட்டில் இருந்தவர்களை மட்டும் எழுதிக்கொண்டு, மற்றவர்களை ஊகிக்கிற சென்ஸஸ் குமாஸ்தாவின் நிலைமைதான் செயற்கைக்கோளுக்கும்.

அந்த இருட்டுக்குள் நேராகவே நடந்து போனவர்களும் உண்டு. 1911 ஜூன் 27ஆம் தேதி எட்வர்ட் வில்ஸன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கார்ரார்ட் என்ற மூன்று பேர் ஸ்காட்டின் முகாமிலிருந்து க்ரோஸியர் முனைக்குக் கிளம்பினார்கள், எம்பரரின் முட்டை எடுப்பதற்காக. பறவையின் கருவில் ஊர்வனவற்றின் பழைய சரித்திரம் எழுதியிருக்கும் என்பது அந்தக் காலத்து எதிர்பார்ப்பு. பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி சென்டிகிரேட் வரை போன குளிர். நடுக்கத்தில் செர்ரி-கார்ரார்டின் பற்கள் உடைந்தன. புயலில் கூடாரம் பறந்துபோய், பிழைக்கமாட்டோம் என்று கிடந்து, பின்னால் கூடாரம் கிடைத்து, ஐந்து வாரம் கழித்துத் திரும்பினார்கள். எடுத்தது ஐந்து முட்டை. வழியில் உடைந்தது போக மிஞ்சியது மூன்று. அடுத்த வருஷம் வில்ஸனும் பவர்ஸும் ஸ்காட்டோடு தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்து போனார்கள். 1913ல் செர்ரி-கார்ரார்ட் தனியாக அந்த முட்டைகளை லண்டன் சௌத் கென்ஸிங்டன் மியூஸியத்துக்குக் கொண்டுபோனபோது, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் நடைக்கூடத்தில் காத்திருக்கவைத்தார்கள். முட்டைகளை ஆராய்ந்த அறிக்கை 1934ல் வெளிவந்தது. அவற்றால் விஞ்ஞானத்துக்குப் பெரிதாக லாபம் ஒன்றும் இருக்கவில்லை.

1922ல் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்த யாரும் அதை லேசில் உதறிவிட முடியாது. பி.ஏ. முடித்த வருஷம் படித்தேன். இலக்கியவாதியின் இதயம் இந்தக் கதையின் பக்கம்தான் சாயும். கிட்டப் போனான், விலை கொடுத்தான், கையில் ஒன்றும் மிஞ்சவில்லை; ஆகவே அது உண்மையான அனுபவம். ஜெயித்திருந்தால் நமக்கு இத்தனை பிடித்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம். ஆனால் இப்போது மறுபடி புரட்டும்போது, அன்று கண்ணில் படாத ஒரு வரி படுகிறது. அந்தக் கடுங்குளிரில், ஆளுக்கொரு முட்டையோடு நின்ற சுமார் நூறு பறவைகளின் நடுவே இவர்கள் இறங்கினார்கள். ஐந்து முட்டைகளை எடுத்தார்கள். அடுப்புக்குக் கொழுப்பு வேண்டும் என்று மூன்று பறவைகளைக் கொன்று தோலுரித்தார்கள். இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு உத்தேசமில்லை. நான் ஆனால் அந்த இடத்தில் வேறென்ன செய்திருப்பேன்? ஆனால், கிட்டப் போவதற்கு ஆன விலையைப் பற்றி நாம் பேசும்போது, போனவன் கொடுத்ததை மட்டுமே எழுதுகிறோம். பறவை கொடுத்தது எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை.

கொலை செய்யாத, வாஞ்சையோடு தொட்ட கைக்கும் இதேதான் நேர்ந்திருக்கிறது. பெங்குவின்களைத் தனித்தனியாக அடையாளம் காண அவற்றின் துடுப்புச் சிறகில் உலோகப் பட்டை மாட்டிவிடுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. நம் அளவுகோலின்படி இது உத்தமமான முறை: கூட்டத்தைப் பார்க்காமல் ஒருத்தியைப் பார்ப்பது, வருஷத்துக்கு வருஷம் அவள் திரும்பி வருகிறாளா என்று வழி பார்த்து நிற்பது. இந்து மகாசமுத்திரத்தின் தெற்கே க்ரோஸே தீவுக்கூட்டத்தில் கிங் பெங்குவின்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2011ல் ஒரு ஆய்வு வெளியானது. பட்டை மாட்டியவை ஒரு பக்கம், தோலுக்கடியில் சின்ன மின்னணுத் துண்டு மட்டும் வைத்தவை மறுபக்கம். பட்டை மாட்டியவற்றில் பிழைத்திருந்தவை 16 சதவீதம் குறைவு; அவை பெற்ற குஞ்சுகள் 39 சதவீதம் குறைவு. நீந்தும்போது அந்தப் பட்டை தண்ணீரை இழுக்கிறது. இரை தேடிக் கடலில் அலைய வேண்டிய நேரம் நீள்கிறது, கரைக்கு வந்துசேர்வது பிந்துகிறது. கடல் வெதுவெதுப்பாவதால் பெங்குவின்களுக்கு என்ன ஆகிறது என்று அளப்பதற்காகவும் இந்தப் பட்டைகள் பயன்பட்டு வந்தன என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும். அளந்த துன்பத்தில் ஒரு பங்கை அளவுகோலே செய்திருக்கிறது.

இதற்கெதிரில் செயற்கைக்கோளை வைத்துப் பார்க்கிறேன். அது எதையும் தொடுவதில்லை. அது கடந்துபோவது பறவைக்குத் தெரியாது. நேசம் என்றால் நெருக்கம் என்று மட்டுமே பாடம் பண்ணிக்கொண்ட நமக்கு, விலகி நிற்பதும் ஒரு மரியாதையாக இருக்கலாம் என்பது உறைக்க நேரமாகிறது.

இந்த வாதத்தை ஒரு கவிஞ நண்பரிடம் சொன்னபோது அவர் இரண்டு ஆட்சேபங்கள் சொன்னார். ஒன்று, பெங்குவின்களை எண்ணும் அந்தக் கண்தான் போர்க்களங்களையும் எண்ணுகிறது. கூர்மையான படங்களை விற்கும் கம்பெனிகளின் பெரிய வாடிக்கையாளர்கள் ராணுவங்கள். இது உண்மை, மறுப்பதற்கில்லை. மற்றொன்று, தூரம் மனசாட்சியைக் கொல்லும் என்பது. கரோல் ரீட் 1949ல் எடுத்த ‘தி தேர்ட் மேன்’ படத்தை ஞாபகப்படுத்தினார். வியன்னாவின் ராட்சத ராட்டினத்தின் உச்சியிலிருந்து, பெனிஸிலினில் கலப்படம் செய்து விற்கும் ஹாரி லைம் கீழே நடமாடும் மனிதர்களைப் புள்ளிகளாகக் காட்டி, இதில் ஒன்று நின்றுபோனால் உனக்கு என்ன துக்கம் என்று சிநேகிதனைக் கேட்கிறான். (டிடரோ 1749லேயே குருடர்களைப் பற்றிய கடிதத்தில் இதே கேள்வியின் பக்கத்தில் வந்துவிட்டுப் போகிறார். தூரம் நம் எல்லோரையுமே குருடாக்கும், மனிதன் குருவியளவாகத் தெரிந்தால் கொல்வது சுலபமாகும் என்பது அவர் கவலை.) உன் விஞ்ஞானியும் ராட்டினத்தின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறான் என்றார் நண்பர்.

நல்ல கேள்வி. அந்தப் படத்தை வைத்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சிநேகிதன் மார்ட்டின்ஸின் மனத்தை மாற்றுவது எது? பின்னால் அவனை ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். லைமின் மருந்தால் நாசமான குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். ரீட் ஒரு குழந்தையின் முகத்தைக்கூட நமக்குக் காட்டுவதில்லை. கட்டில்கள் தெரிகின்றன, குனிந்து பார்க்கும் முகங்கள் தெரிகின்றன, ஒரு கரடி பொம்மை தெரிகிறது. அவ்வளவுதான். பொம்மை குழந்தை அல்ல. குழந்தை இருந்ததற்கான தடயம். நமக்கு அது போதுமானதாக இருக்கிறது. லைம் தப்பு செய்தது உயரத்தில் ஏறியதால் அல்ல. புள்ளிகளை அவன் எண்ணவேயில்லை என்பதுதான் விஷயம். எண்ணியிருந்தால் இத்தனை என்று ஒரு தொகை வந்திருக்கும், தொகைக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருந்திருக்கும். அவன் எடுத்துப்போனது லாபக் கணக்கை மட்டும். புள்ளிகள் அவன் ஏட்டில் எந்தப் பத்தியிலும் இல்லை.

இனி 2022. அண்டார்டிக் தீபகற்பத்துக்கு மேற்கே பெல்லிங்ஸ்ஹௌஸன் கடல். அதன் மத்திய, கிழக்குக் கரைகளில் ஐந்து எம்பரர் குடியிருப்புகள் தெரியவந்திருந்தன: ரோத்ஷைல்ட் தீவு, வெர்டி இன்லெட், ஸ்மைலி தீவு, ப்ரையன் தீபகற்பம், ஃப்ரோக்னர் முனை. ரோத்ஷைல்டில் சுமார் 630 ஜோடிகள், ஸ்மைலியில் சுமார் 3,500. எம்பரருக்கு நிலம் தேவையில்லை. கரையோடு உறைந்து ஒட்டிய கடல்பனி, ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை உடையாமல் இருந்தால் போதும். அந்த வருஷம் நவம்பருக்குள் அந்தப் பகுதியின் பனி கலைந்துவிட்டது. குஞ்சுகளுக்கு அப்போது உடம்பில் இருப்பது சாம்பல் நிறத் தூவி. அதில் தண்ணீர் ஊறும். நீந்துவதற்கான இறகு முளைக்க இன்னும் வாரங்கள் ஆகும். ஸென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படங்களில், ஐந்தில் நான்கு இடங்களில், குஞ்சுகள் தேறுவதற்கு முன்பே கறை இல்லாமல் போனது. அந்தப் படத்தின் ஒரு பிக்ஸெல் 10 மீட்டர். அதில் இறந்த குஞ்சு ஒன்றுகூட இல்லை. முதலில் வெள்ளையில் பழுப்பு, பிறகு பழுப்பு இருந்த இடத்தில் கடலின் கறுப்பு. 2023 ஆகஸ்டில் இதை வெளியிட்டார்கள்.

இங்கேதான் நம்முடைய பரிவு என்ற சாதனம் வேலை செய்யாமல் நிற்பதாக எனக்குப் படுகிறது. பரிவுக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு குரல் வேண்டும், குறைந்தபட்சம் ஒரு உடல் வேண்டும். இந்தச் சாவுக்கு மூன்றும் இல்லை. பார்த்தவன் இல்லை, செய்தவனும் அங்கே இல்லை. அந்தக் கரையில் ஒரு தொழிற்சாலையோ வேட்டைக்காரனோ கிடையாது. அண்டார்டிகாவின் கடல்பனியைச் செயற்கைக்கோள்கள் 45 வருஷமாக அளந்துவந்ததில், மிகக் குறைந்த அளவைக் கண்ட நான்கு வருஷங்களும் 2016க்குப் பிறகு வந்தவை என்று அந்த ஆய்வு சொன்னது. ஒரு தனி வருஷத்தைக் காட்டி இது இன்னாரால் என்று நேர்மையான விஞ்ஞானி யாரும் கைகாட்டுவதில்லை. உஷ்ணமாகும் உலகம் இந்தத் திசையில்தான் தள்ளும் என்று மட்டும் சொல்கிறார்கள். ஆக, காரணம் உலகமெங்கும் ஒவ்வொரு அடுப்பிலும் எஞ்சினிலும் சில்லறை சில்லறையாகப் பிரிந்து கிடக்கிறது. விளைவு ஆளில்லாத ஒரு கரையில் ஒரே வாரத்தில் மொத்தமாக விழுகிறது. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுத எந்த உருவகத்தாலும் முடியாது என்று நான் சவால் விடவில்லை. இதுவரை முடிந்திருப்பது எண்ணிக்கையால்தான்.

நம் கவிதையில் மரணம் ஏராளமாக இருக்கிறது. எல்லாம் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்த மரணங்கள். சாட்சியே இல்லாமல், சின்னச் சின்னத் தொகையாக, எங்கேயோ நடக்கும் அழிவைப் பற்றி நாம் பேசாமலிருப்பது அது முக்கியமில்லை என்பதாலா? அல்லது, அதை அறிவதற்கான ஒரே கருவியை அற்பமானது என்று நாமே முடிவு கட்டிவிட்டதாலா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் நமது ரசனை சம்பந்தப்பட்டதாக நாம் நினைத்துவந்த ஒரு விஷயம் அறம் சம்பந்தப்பட்டதாக ஆகிறது.

பீட்டர் ஸிங்கர் 1972ல் வங்காள அகதிகளின் பட்டினியை முன்வைத்து, தூரம் கடமையைக் குறைப்பதில்லை என்று வாதாடினார். அவர் தர்க்கம் சரி. ஆனால் அவருடைய அகதியிடம் ஒரு ரொட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். எம்பரருக்கு யாராலும் எதையும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. வேலி கட்ட முடியாது, காவல் போட முடியாது. உறைந்த கடலைத் தவிர அவை எதையும் கேட்கவில்லை. எண்ணுகிறவன் கையில் எண்ணுவதைத் தவிர வேறு காரியம் இல்லை. இந்தக் கையறு நிலையை அந்த ஆய்வுக் கட்டுரைகளின் வறண்ட வாக்கியங்களுக்கு அடியில் நான் உணர்கிறேன். அவர்கள் எழுதியிருப்பது அட்டவணைதான் என்றாலும்.

நண்பரின் பக்கத்திலும் ஒரு நியாயம் மிஞ்சுகிறது. அதை மறைக்கக் கூடாது. எண்ணிக்கைக்கு யார் என்று தெரியாது. வெட்டல் கடலில் ஹாலி பே என்ற இடம், எம்பரர்களின் இரண்டாவது பெரிய குடியிருப்பாக இருந்தது; வருஷத்துக்கு 14,000 முதல் 25,000 ஜோடிகள் வரை வந்து சேரும். 2016ல் பனி முன்கூட்டி உடைந்தது. அந்த வருஷமும் அடுத்த இரண்டு வருஷங்களும் அங்கே ஏறக்குறைய ஒரு குஞ்சும் தேறவில்லை. கறை மறைந்தது. அதே காலத்தில் அதற்குத் தெற்கே டாஸன்-லாம்ப்டன் என்ற குடியிருப்பின் கறை பல மடங்கு பெருத்தது. போனவை எல்லாம் சாகவில்லை, ஒரு பகுதி இடம் பெயர்ந்திருக்கிறது. 2024ல் ஃப்ரெட்வெல் புதிதாக நான்கு குடியிருப்புகளை அறிவித்ததோடு தெரிந்த மொத்தம் 66 ஆயிற்று. ஹாலி பே கூட்டம் சில பத்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளித் தென்படுவதையும் அவர் சொன்னார். பழைய 38ஓடு ஒப்பிட்டு யாராவது சந்தோஷப்படுவதற்குள், 2025ல் இன்னொரு கணக்கு வந்தது: தீபகற்பம், வெட்டல் கடல், பெல்லிங்ஸ்ஹௌஸன் கடல் பகுதியில் 16 குடியிருப்புகளில், 2009க்கும் 2024க்கும் இடையே 22 சதவீதக் குறைவு. கறைகள் அதிகம், பறவைகள் குறைவு. இரண்டும் ஒரே கண் பார்த்தது.

ஹாலியிலிருந்து டாஸன்-லாம்ப்டனுக்கு நடந்தது எது, கடலில் போனது எது என்று அந்தப் படங்கள் சொல்வதில்லை. 2016ல் குஞ்சை இழந்த ஒரு பெட்டை 2019ல் எங்கே நின்றாள் என்று கேட்க வேண்டுமானால் அவள் சிறகில் பட்டை மாட்டியிருக்க வேண்டும், மாட்டியிருந்தால் அவள் அத்தனை வருஷம் இருந்திருப்பாளா என்பது சந்தேகம். இந்தக் கேள்வியை நான் நண்பரிடம் விட்டுவிட்டு வந்தேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. தெற்கே இது குளிர்காலமாக இருந்தால் அவை இப்போது இருட்டில் நின்றுகொண்டிருக்கும். கறை விழ ஆரம்பித்திருக்கும், வெளிச்சம் வருவதற்கு ஆகஸ்ட் ஆகும்.